வந்தாச்சு என்று யார் சொல்வது?

தொல்காப்பியத்தின் வினையியலில் காலத்தைப் பற்றி ஒரு சலுகை இருக்கிறது. இனி நடக்கப்போவதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் நடந்துமுடிந்ததாகச் சொல்லலாம், அவசரத்தில் சொன்னால் அது பிழையில்லை என்கிறது அந்த நூற்பா. உரையாசிரியர்கள் காட்டும் காட்சி எளியது. சேர்ந்து கிளம்பவேண்டிய ஒருவன் வாசலில் நின்று, இன்னுமா சாப்பிடவில்லை என்று கேட்கிறான். உள்ளே இருப்பவன் இலைக்கு முன் உட்கார்ந்தபடியே, சாப்பிட்டாச்சு, வந்தாச்சு என்கிறான். சோறு இன்னும் இலையில் இருக்கிறது. பின்னால் வந்த நன்னூலார் அவசரம், மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களைச் சேர்த்துச் சொன்னார். வகுப்பில் இதைக் கால வழுவமைதி என்று நடத்துகிறோம். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ‘இந்தா, வந்துட்டேம்லா’ என்று போனில் சொல்கிறவர் வீட்டில் இன்னும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

அந்தக் காட்சியில் வாசலில் நிற்பவனும் ஆண், இலைக்கு முன் இருப்பவனும் ஆண். பரிமாறிக்கொண்டிருந்தவள் உரைக்குள் வரவில்லை. அவளுக்குச் ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்ல எப்போது வாய்த்திருக்கும் என்ற கேள்வியை ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். அதை அப்போது சிரித்துக்கொண்டே கடந்தோம். இந்தக் கட்டுரை வேறொரு திரைக்கு முன்னால் நிற்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி கூடவே வரும்.

மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருத்தி. முக்கூடல் பக்கத்துக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறவர். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அது அண்ணனுடையது. இரவில் அவன் வேலையிலிருந்து வந்து குளித்துச் சாப்பிடுகிற நேரம்தான் அவளுக்குப் போன் கிடைக்கும் நேரம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி ஒன்றை வைத்திருந்த பெண்கள் ஏறக்குறைய 54 சதவீதம்தான். மற்றவர்கள் இவளைப்போல இடைவெளியில் வாங்கிப் பார்ப்பவர்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் அவள் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. ஒரு செயலியைத் திறந்து, விவரங்களை நிரப்பி, அம்மாவின் டெபிட் கார்டு எண்ணைப் போட்டாள். செயலிக்கு உள்ளேயே வங்கியின் பக்கம் திறந்தது. ஓடிபி போட்டாள். மேலே ஒரு நீலக்கோடு விறுவிறுவென்று ஓடி வலது ஓரத்தைத் தொட்டு மறைந்தது. நடுவில் சுற்றிக்கொண்டிருந்த வட்டமும் மறைந்தது. திரை வெள்ளையாக நின்றது.

சற்றுநேரம் பார்த்தாள். பிறகு பின்னால் போகும் பொத்தானை அமுக்கினாள். பணம் கணக்கிலிருந்து போயிருந்தது. செயலியில் ‘கட்டணம் செலுத்தப்படவில்லை’ என்றிருந்தது. மறுநாள் கடைசி நாள்.

‘ஒழுங்கா அமுக்குனியாட்டி?’ என்றானாம் அண்ணன். அவசரப்பட்டு எதையாவது தொட்டிருப்பா என்றாராம் அம்மா. மறுநாள் என்னிடம் அவள் சொன்னது இது: ‘மேடம், லோடாகி முடிஞ்சுட்டுன்னுதான் காட்டுச்சு. அப்போ நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன் போல.’

பக்கத்து வீட்டு அத்தையிடம் கைமாற்று வாங்கி இரண்டாம் முறை கட்டினாள். முதலில் போன பணம் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது. இதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, இணைய வணிகத்தில் வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, வாங்குபவரின் அமைப்புக்கு உறுதி போய்ச்சேராவிட்டால், ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதி. ‘ஒழுங்கா அமுக்குனியாட்டி’ என்பதற்கு அதில் பத்தி இல்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது அவளுடைய ‘அப்போ’ என்ற சொல்தான். திரை ‘முடிந்தது’ என்றது, அப்போ தப்பு என்னுடையது. முடியாத ஒன்றை முடிந்ததாகச் சொல்லிவிட்டால், காத்திருந்தவளிடம் குற்றம் கைமாறுகிறது. பொருள் வந்துவிட்டது, ஆனால் உன் கையில் இல்லை என்றால் நீதான் தொலைத்திருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்க எனக்கு ஒருத்தி கிடைத்தாள். கணினி அறிவியல் படித்தபோது என்னிடம் பொதுத்தமிழ் படித்தவள். இப்போது செயலிகளுக்கு நிரல் எழுதுகிறாள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பாடம் எடுத்தாள். இந்த முறை நான் மாணவி.

செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கம் செயலியுடையது இல்லை. செயலி தன் சுவரில் ஒரு சன்னலை வைத்து, அதன் வழியே வேறொருவரின் பக்கத்தைக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் அந்தச் சன்னலுக்கு வெப்வியூ என்று பெயர். நம் கைபேசியில் இது பல செயலிகளுக்கும் பொதுவான ஒரு பாகம். 2021 மார்ச்சில் இந்தப் பாகத்துக்கு வந்த ஒரு புதுப்பிப்பு பழுதாக இருந்ததால், உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. அன்றைக்குத்தான் பலருக்கு இப்படி ஒன்று போனுக்குள் இருப்பதே தெரிந்தது. இந்தியாவில் பணம் கட்டும்போது இந்தச் சன்னல் தவிர்க்கமுடியாமல் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. இணையத்தில் கார்டு வழியாகக் கட்டும்போது இரண்டாவது ஓர் உறுதிப்பாடும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. அதற்காகச் செயலியிலிருந்து இடைத்தரகு நிறுவனத்தின் பக்கம், அங்கிருந்து வங்கியின் பக்கம், மறுபடி இடைத்தரகர், மறுபடி செயலி என்று ஒரு சங்கிலி.

சன்னலில் என்ன நடக்கிறது என்று செயலிக்குத் தெரியவேண்டும். அதற்காகச் சில நிகழ்வுகளை வடிவமைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓர் அறிவிப்பு. பக்கம் தொடங்கியது என்று ஒன்று. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று 0 முதல் 100 வரை ஓர் எண். பிறகு ‘ஆன்பேஜ்ஃபினிஷ்ட்’, பக்கம் முடிந்தது. நீலக்கோட்டையும் சுற்றும் வட்டத்தையும் மறைக்கச் செயலிகள் பெரும்பாலும் காத்திருப்பது இந்த மூன்றாவது அறிவிப்புக்குத்தான்.

‘இதுல முடிஞ்சதுன்னா என்ன அர்த்தம்?’ என்று கேட்டேன். அங்கேதான் கதை சுவாரசியமானது. பக்கம் கடைசிவரை வந்தால் இந்த அறிவிப்பு வரும். வழியில் அறுந்து, பிழைப் பக்கம் வந்தாலும் முதலில் பிழை அறிவிப்பு வந்து, அதன் பின்னால் இதே ‘முடிந்தது’ம் வரும். சங்கிலியில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிவிடும்போது இடைவழியிலேயே ஒருமுறை வந்துவிடலாம். பிரதானச் சட்டகத்துக்கு மட்டுமே வரும். அதற்குள் குட்டிச் சட்டகங்களில் என்ன நடக்கிறது என்று கணக்கில்லை. இந்தக் காலத்துப் பக்கங்கள் முதலில் வெறும் கூட்டை அனுப்பிவிட்டு, உள்ளடக்கத்தைப் பிறகு கேட்டு வாங்குகின்றன. கூடு வந்ததும் ‘முடிந்தது’. இதெல்லாம் ரகசியமும் இல்லை. இந்த அறிவிப்பு வந்த நேரத்தில் அடுத்துத் திரையில் வரையப்படுவது பக்கத்தின் அப்போதைய நிலையைக் காட்டும் என்று உறுதியில்லை என ஆண்ட்ராய்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எழுதியது நிரலாளருக்காக. முக்கூடல் பெண்ணுக்கு அது எட்டவில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு இதைப் பார்த்ததும் தோன்றுவது முற்றும் எச்சமும். ‘வந்தது’ என்றால் வாக்கியம் முடிந்தது. ‘வந்து’ என்றால் இன்னொரு வினை வரவேண்டும், கேட்பவர் காத்திருப்பார். எச்சத்தைக் கேட்டவர் யாரும் எழுந்து போவதில்லை. இந்த அறிவிப்பு உள்ளுக்குள் எச்சம், வெளியே முற்றின் விகுதி போட்டுக்கொண்டிருக்கிறது. ஆப்பிள்காரர்கள் தங்கள் சன்னலில் வைத்த பெயர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு இருக்கின்றன. பயணம் தொடங்கும்போது அதைத் ‘தற்காலிகப் பயணம்’ என்கிறார்கள். மறுமுனையிலிருந்து ஏதாவது வரத் தொடங்கினால்தான் உறுதியானது என்று இரண்டாவது அறிவிப்பு. தோற்றால் அதற்குத் தனியாக இரண்டு பெயர்கள்: தற்காலிகமாக இருந்தபோதே தோற்றது, உறுதியான பின் தோற்றது. பெயர் வைப்பதில் இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ‘முடிந்தது’ பொய்யா? தொல்காப்பியர் அனுமதித்த அவசரம்தானே இதுவும்? நான் இதைப் பலநாள் யோசித்தேன். இலைக்கு முன் இருந்து ‘வந்தாச்சு’ என்றவனுக்கு அந்தச் சலுகை எதனால் கிடைக்கிறது? வாசலில் நிற்பவனுக்கு அவன் குரல் வரும் திசை தெரியும். அது அடுக்களைப் பக்கத்திலிருந்து வருகிறது, சோறு இன்னும் முடியவில்லை என்று ஊகிக்க முடியும். தாமதமானால் மறுபடி கத்திக் கேட்கலாம். வரவில்லையென்றால் முகத்துக்கு நேரே திட்டலாம். அவன் சொன்ன இறந்தகாலம் இருவருக்கும் பழகிய ஒரு விளையாட்டு. கேட்பவனுக்கும் இலக்கணம் தெரிந்திருப்பதால்தான் வழு அமைதியாகிறது. கேட்பவளுக்கு அந்த இலக்கணம் தெரியாதபோது, திருப்பிக் கேட்க வாயில்லாதபோது, வழு வழுவாகவே நிற்கிறது. அவளுடைய பணத்தின் மேல் நிற்கிறது.

நிரலாளர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பக்கம் என்பது இன்றைக்கு அச்சடித்த தாள் கிடையாது. விளம்பரம் மாறிக்கொண்டே இருக்கும், எண்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். ‘உண்மையிலேயே எப்போ முடியும்னு கேட்டா, முடியவே முடியாது மேடம்’ என்றாள் என் ஆசிரியை. அடுக்களை வேலை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் வேலை முடிந்தது என்று யாரோ ஒருவர் அறிவிப்பார். அவர் காப்பி குடித்த டம்ளர் அப்போது முற்றத்தில் இருக்கும். முடிவே இல்லாத ஒன்றுக்கு ‘முடிந்தது’ என்ற ஒற்றைச் சொல்லை ஏன் வைத்தார்கள் என்பதுதான் என் சந்தேகம். எங்கிருந்து பார்த்து வைத்தார்கள்?

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தண்ணீரால் புரியும். பாபநாசத்தில் அணையைத் திறக்கிறார்கள். மலர் தூவுகிற படம் செய்தித்தாளில் வருகிறது, ‘பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு’. அதன் பிறகு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழு அணைக்கட்டுகளைத் தாண்டி எட்டாவதாக ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, கடைசியில் கடைமடை. நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நடவுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குத் தண்ணீர் வந்தாச்சு என்பது அவள் கால் நனையும்போது. மேலே படம் எடுத்தவருக்கு அது முடிந்துபோன செய்தி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் யார் சொன்னது பதிவேட்டில் ஏறுகிறதோ அவருடைய உண்மையின்படிதான் மற்றவரைக் கேள்வி கேட்பார்கள்: தண்ணிதான் திறந்தாச்சே, நீ ஏன் இன்னும் நடவில்லை?

அந்த மாணவியின் அம்மாவிடம் பேசியபோது அவருக்கு இதெல்லாம் புதிதாக இல்லை. ஆயிரம் பீடி சுற்றிக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே பார்த்து, சரியில்லை என்று ஒரு பங்கைத் தள்ளிவிடுவார்கள். ‘நம்ம எண்ணுனது ஆயிரம். அவுக எடுத்துக்கிட்டாத்தான் ஆயிரம்’ என்றார். இலைக்கும் தூளுக்கும் கடை வாசலில் நிற்கும் நேரத்துக்கும், பார்த்து எடுக்கும்வரை நிற்கும் நேரத்துக்கும் கூலி கிடையாது. சுற்றிய பீடிக்குத்தான் கூலி. தன் வேலை முடிந்ததா என்று தானே சொல்ல உரிமையில்லாத ஒருவர், திரை ‘முடிந்தது’ என்று சொன்னபோது மகளைச் சந்தேகித்ததில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வருத்தம் வந்தது.

காத்திருப்பது நம் மரபில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய வேலை. முல்லையின் உரிப்பொருளே இருத்தல். போனவன் சொல்லிப்போன பருவம் கார்காலம். கொன்றை பூத்துவிட்டது, மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. அப்போது தோழி என்ன செய்கிறாள்? குறுந்தொகை 66ஆம் பாட்டில் அவள் கொன்றை மரங்களைத் திட்டுகிறாள். இது பருவ மழையே இல்லை, காலம் தப்பிய மழை, முட்டாள் மரங்கள் அதை நம்பிப் பூத்துவிட்டன என்கிறாள். தலைவி அழாமல் இருக்கவேண்டுமே என்று நாள்காட்டியையே மாற்றிச் சொல்லும் பொய். அழகான பொய். எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் தோழிமேல் பிரியம் கூடும்.

நீலக்கோடும் ஒரு தோழிதான், அல்லது அப்படி வேடம் போடுகிறது. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அடையாளம் இருந்தால் மக்கள் அதை விரும்புகிறார்கள் என்று பிராட் மையர்ஸ் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு கோடுகள் பெருகின. நடைமுறையில் பல கோடுகள் எதையும் அளப்பதில்லை. ஆரம்பத்தில் வேகமாக ஓடி, எண்பது தொண்ணூறில் மெதுவாக ஊர்ந்து, ‘முடிந்தது’ வந்ததும் பாய்ந்து மறையும்படி எழுதிவிடலாம். ‘அப்படி எழுதினா ஆள் போகமாட்டாங்க மேடம்’ என்றாள். ஆள் போகக்கூடாது என்பது யாருடைய கவலை?

தோழியின் பொய்யை நான் மன்னிப்பேன், அரைமனதாக. அவளும் அதே வாசலில் நிற்கிறாள். நாளைக்கும் அவன் வரவில்லையென்றால் தலைவியின் கண்ணீருக்கு முன்னால் அவள்தான் நிற்கவேண்டும். பொய்யின் செலவில் அவளுக்குப் பங்கு உண்டு. கோட்டுக்கு அப்படி ஒரு பங்கும் இல்லை. வெள்ளைத் திரையைக் காட்டிவிட்டு அது மறைந்துவிடும். இருந்தாலும் ஏன் அரைமனது என்றால், தலைவிக்கு உண்மை தெரிய உரிமை உண்டு என்று அந்தத் துறையில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. அவளை ஆற்றியிருக்கச் செய்வதுதான் எல்லோருக்கும் வேலை. கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, இனி நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் தோழி ஒருத்தி இருந்திருந்தால் முல்லைத்திணை வேறுமாதிரி இருந்திருக்கும்.

இதுவரை ‘முடிந்தது’ என்று எப்போது சொல்வது என்பதைப் பற்றி. யாரிடம் சொல்வது என்பது இன்னொரு பாதி, எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. பக்கம் முடிந்தது என்ற அறிவிப்பு பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வருவதே இல்லை. அது செயலிக்கு வருகிறது. செயலி விரும்பினால், விரும்பிய வடிவத்தில், அவளுக்குக் காட்டும். மருத்துவரின் அறையில் சோதனை முடிவு பற்றி நடக்கும் பேச்சு நினைவுக்கு வருகிறது. நோயாளிப் பெண் எதிரில் இருப்பாள். மருத்துவர் அவளுக்குப் பின்னால் நிற்கும் கணவரிடம் விளக்குவார். வெளியே வந்ததும் கணவர் அவளிடம், ‘ஒண்ணுமில்ல, வா’ என்பார். உடம்பு அவளுடையது. சேதி கணவரிடம் போகிறது.

செயலிக்கு அந்த நேரத்தில் இன்னொரு அதிகாரமும் உண்டு. பக்கம் வந்தாயிற்று என்று தெரிந்ததும் தன் சொந்த நிரலை அந்தப் பக்கத்துக்குள் செலுத்தலாம். நல்லதற்கும் செய்யலாம்: ஓடிபியைத் தானே நிரப்பித் தரலாம், வங்கிப் பக்கத்தின் எறும்பு எழுத்தைப் பெரிதாக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கவும் செய்யலாம். 2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் க்ராவுஸே என்ற நிரலாளர், ஐபோனில் இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் தங்கள் உள்சன்னலில் திறக்கும் பிறருடைய பக்கங்களுக்குள் தங்கள் நிரலைச் செலுத்துவதைக் காட்டினார். பயனர்கள் கண்காணிப்புக்குக் கொடுத்த, மறுத்த ஒப்புதலை மதிப்பதற்காகவே அந்த நிரல் என்று மெட்டா பதில் சொன்னது. டிக்டாக்கின் உள்சன்னலில் விசை அமுக்கல்களைக் கவனிக்கக்கூடிய நிரல் இருப்பதையும் அவர் காட்டினார். அது பழுது பார்க்கவும் செயல்திறனைக் கண்காணிக்கவும்தான் என்றது அந்த நிறுவனம். பதில்கள் உண்மையாகவே இருக்கலாம். நான் கேட்பது அதற்கு முந்தியது. சன்னலுக்கு வெளியே யார் வீட்டைப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும். சன்னல் யாருடையது என்பதை யாராவது சொன்னார்களா? கருத்தடை பற்றியோ விவாகரத்து பற்றியோ ஒரு பக்கத்தை அவசரமாகத் திறந்து பார்க்கும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

வேறுமாதிரிச் செய்ய முடியும். 2015இலேயே ஆப்பிள் ஒரு தனிச் சன்னலைக் கொடுத்தது. அதில் திறக்கும் பக்கத்துக்குள் செயலி எட்டிப்பார்க்க முடியாது. அதே ஆண்டு கூகுள் கொடுத்தது குரோம் கஸ்டம் டேப்ஸ். இதில் செயலிக்குப் போகும் அறிவிப்புகளை என் ஆசிரியை வாசித்துக் காட்டினாள். பயணம் தொடங்கியது. முடிந்தது. தோற்றது. பாதியில் விடப்பட்டது. சன்னல் தெரிகிறது. சன்னல் மறைந்தது. இவ்வளவுதான். உள்ளே அவள் என்ன படித்தாள், எதை அமுக்கினாள் என்பது வராது. தோற்றதற்கும் பாதியில் விடப்பட்டதற்கும் தனித்தனிப் பெயர் இருப்பதை நான் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். விருந்தாளி வந்து சேர்ந்தாரா, திரும்பிவிட்டாரா என்று மட்டும் தெரிந்துகொண்டு, அறைக் கதவில் காது வைக்காத வீடு.

ஆனாலும் எல்லாச் செயலிகளும் அதைப் பயன்படுத்துவதில்லை. தங்கள் நிறம், தங்கள் பொத்தான், தங்கள் வேகம் வேண்டும் என்பார்கள். அவரவர் நியாயம்.

பக்கத்தின் வேகத்தை அளப்பதில் உலகம் கொஞ்சம் பார்ப்பவரின் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2020இல் கூகுள் அறிவித்த அளவுகளில் ஒன்று, பக்கத்தின் பெரிய உள்ளடக்கம் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகிறது என்பது. 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்றார்கள். 2024 மார்ச்சில், தொட்டால் பக்கம் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்பதும் அந்த அளவுகளில் சேர்ந்தது. கண், பிறகு கை. தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்ற வணிகக் கணக்கும் இதில் கலந்திருக்கிறது. இருக்கட்டும். கடைமடையில் நின்று அளக்க முடியும் என்று தெரிந்துவிட்டது அல்லவா. முடியாது என்று இனிச் சொல்ல முடியாது.

தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோவின் அலுவலகம் இருக்கிறது. குற்றாலத்து மலையில் பிறந்து சீவலப்பேரிக்குப் பக்கத்தில் தாமிரபரணியில் சேரும் சிற்றாற்றுப் பகுதி அது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் நிரல் எழுதப் போகிறார்கள், பெண்கள் உட்பட. அறிவிப்புகளுக்குப் பெயர் வைப்பதும் அவற்றுக்கு எப்போது வாய் திறக்க அனுமதி என்று தீர்மானிப்பதும் எங்கோ கலிபோர்னியாவில் நடப்பது என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. சன்னலைச் செய்தவர் அங்கே இருக்கலாம். நீலக்கோட்டை எப்போது மறைப்பது என்ற வரியை எழுதுகிறவர் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவராக இருக்கலாம்.

ஆகவே நான் என் ஆசிரியையிடம் அந்தத் திரையை நீ எழுதியிருந்தால் எப்படி எழுதுவாய் என்று கேட்டேன். வட்டத்தை மறைக்க ‘முடிந்தது’ அறிவிப்பை மட்டும் நம்பமாட்டேன் என்றாள். பக்கம் திரையில் தெரியத் தொடங்கியதற்கு ஆண்ட்ராய்டு 6 முதல் தனி அறிவிப்பு இருக்கிறது, அதைக் கேட்பேன். பிழை வந்ததா என்று தனியாகக் குறித்துவைப்பேன், பின்னால் வரும் ‘முடிந்தது’ அதை அழிக்காமல் பார்ப்பேன். பணம் கட்டும் பக்கமென்றால் சன்னல் சொல்வதை முடிவாக எடுத்துக்கொள்ளவே மாட்டேன், பணம் போனதா என்று பின்னாலிருக்கும் கணினியிடம் தனியாகக் கேட்பேன். இத்தனை விநாடிக்குமேல் ஒன்றும் வராவிட்டால் வெள்ளைத் திரையை விட்டுவைக்காமல் ஏதாவது சொல்வேன்.

‘என்ன சொல்வே?’ என்றேன்.

அங்கே நின்றுவிட்டாள். ஆங்கிலத்தில் ஒரு சொல் வைத்திருந்தாள், பெண்டிங். தமிழில் ‘நிலுவை’ என்று சில செயலிகளில் வருகிறது. நிலுவை என்றால் எங்கள் ஊரில் பாக்கி, நீ தரவேண்டியது. அந்தப் பெண்ணின் அம்மா அதைப் படித்தால் இன்னும் கட்டவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘செயல்பாட்டில் உள்ளது’ என்பது அரசு அலுவலகப் பலகை. இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் எழுதியது இது: ‘பணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கலாம். பதில் இன்னும் எங்களுக்கு வரவில்லை. இது உங்கள் தவறு இல்லை. இப்போது மறுபடி கட்ட வேண்டாம்.’

மூன்றாவது வாக்கியத்தை மேலாளர் எடுத்துவிடுவார் என்றாள். ஏன் என்று கேட்டேன். அப்போ தவறு யாருடையது என்று கேட்பாங்க மேடம் என்றாள். அவளுடைய நிறுவனத்தின் செயலியில் அடுத்த மாற்றம் எப்போது வரும் என்று தெரியவில்லை. நான்கு வாக்கியங்களையும் சின்னத் திரைக்கு ஏற்றபடி எழுத்தளவு பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அனுப்பியிருக்கிறேன்.